பழி அனுப்பியவர் மீதே

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று சொல்லி அழைக்கிறார்கள். பாங்காக்கில் இறங்கும் பிள்ளைகளை எல்லை ஊருக்குக் கொண்டுபோய், மோயி ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரின் மியாவடியில் தள்ளுகிறார்கள். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்தது முதல் உள்நாட்டுப் போரில் எரியும் நாடு அது. ஆயுதக் குழுக்களின் காவலில் நடக்கும் முகாம்களில் இணைய மோசடி செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால் அடியும் பட்டினியும். 2022-இல் மீண்டு வந்த தமிழக இளைஞர்கள் சொல்லித்தான் இந்தக் கொடுமை நம் ஊர்களுக்குத் தெரிந்தது. 2025 மார்ச்சில் மட்டும் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர் மீட்டு வரப்பட்டனர்.

வந்தவர்களை ஊர் எப்படி வரவேற்றது? "பேராசைப்பட்டுப் போனான், பட்டான்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. இந்தப் பேச்சு அறத்துக்கு விரோதமானது. கலவர பூமிக்குப் பிழைக்கப் போனவரைவிட, அங்கே அவரை அனுப்பிக் காசு பார்த்தவரும், தடுக்க வேண்டிய இடத்தில் இருந்தும் தடுக்காதவருமே பழிக்கு உரியவர்கள்.

பொருள் தேடிப் பிரிவதைத் தமிழ் மரபு ஒருபோதும் குற்றமாகக் கருதியதில்லை. தொல்காப்பியம் அதைப் பிரிவின் வகைகளில் ஒன்றாக வைத்தது. கொன்றைவேந்தனில் ஔவை கடல் கடந்தும் செல்வம் தேடச் சொன்னார். மணிமேகலையின் சாதுவன், பொருளை இழந்தபின் கப்பலேறி, கலம் உடைந்து நாகர் நாட்டில் கரையேறினான். காப்பியம் அவன் கடல் கடந்ததைப் பழிக்கவில்லை. திருமங்கலம், பேரையூர் வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் வீட்டில் உலை கொதிக்காது. அந்த வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு வேலை தேடுவதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது கொடுமை. நல்குரவு, இரவச்சம் என்று அதிகாரங்கள் வகுத்து வறுமையின் வலியைச் சொன்ன வள்ளுவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆராய்ந்து போயிருக்க வேண்டாமா என்று கேட்போர் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த அதிகாரம் அமைந்திருப்பது அரசியல் பகுதியில். ஆராய்ந்து செய் என்ற அறிவுரை முதலில் ஆள்வோருக்கே சொல்லப்பட்டது. மதுரை மண்ணுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆராயாமல் தீர்ப்புச் சொன்னவன் பாண்டியன். கண்ணகி வழக்குரைத்தபோது நெடுஞ்செழியன் பொற்கொல்லனைக் காட்டித் தப்பிக்கவில்லை. குற்றம் தன்னுடையதே என்று ஏற்று உயிர் விட்டான்.

நம் சட்டமோ பொற்கொல்லனிடமே இரக்கம் காட்டுகிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவு பெறாமல் ஆள் அனுப்புகிறவருக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டுச் சிறை; அபராதம் 2,000 ரூபாய்க்குள். பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. படித்தவர் ஏமாறமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதிய விதி அது. இன்றைய ஏஜென்ட்டுகள் கணினி தெரிந்த பட்டதாரிகளையே குறிவைக்கிறார்கள். சுற்றுலாப் பயணியாக அனுப்பிவிட்டால் அரசின் கண்ணிலும் படாது.

முன்பு பர்மா எனப்பட்ட இதே மியான்மரில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது, தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறித் திரும்பினார்கள். அன்று திரும்பியவர்களைத் தமிழகம் அகதிகள் என்று அணைத்தது. இன்று திரும்புகிறவர்களை மோசடிக்காரர்கள் என்று சந்தேகிப்பது எந்த நியாயம்?

போகிறவருக்கும் எச்சரிக்கை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பொய்த்தாளை மெய்யென்று காட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் முன் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் எச்சரிக்கை எம்மாத்திரம்?

ஆகவே அரசு தண்டனையைக் கடுமையாக்க வேண்டும். ஊர் ஊராக ஆள் பிடிக்கும் துணை ஏஜென்ட்டையும் கூண்டில் ஏற்ற வேண்டும். பெற்றோரே, பணம் கொடுக்கும் முன் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் அது வேலையே இல்லை. மீண்டு வந்த பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அவனைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள்; அவனை அனுப்பியவன் மீது புகார் கொடுக்கத் துணையாகக் காவல் நிலையம்வரை நடந்து போங்கள். அதுவே இன்று நம் முன் நிற்கும் அறம்.