சிக்கெடுக்கும் கை

பள்ளி வேன் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுருட்டை முடியுள்ள ஒரு பெண் குழந்தைக்குத் தலை வாரிப் பின்னுவது ஆழ்வார்பேட்டை அடுக்ககங்களில் அன்றாடம் நடக்கிற சிறு வன்முறை. குழந்தைக்குக் கண்ணில் நீர் முட்டும். வாருகிறவருக்குப் பொறுமை போகும். "என்ன முடியோ இது, வீட்ல யாருக்கும் இல்லாத முடி" என்று வாயில் வந்துவிடும். சொன்னவர் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். குழந்தை மறப்பதில்லை. பள்ளியில் 'பரட்டை', 'சாய்பாபா', 'மேகி' என்று தோழிகள் கூப்பிடும்போது, வீட்டில் கேட்டதுதான் உறுதியாகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து "ஸ்ட்ரெய்ட் பண்ணிடுங்க" என்று சொல்வதற்கு வெகுநாள் முன்பே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

சுருட்டை முடியைப் பராமரிப்பது பற்றிய பேச்சு எந்த ஷாம்பூ, எந்த கிரீம் என்றுதான் தொடங்குகிறது. வாருகிற கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மாற வேண்டிய முதல் பழக்கம் அங்கே இருக்கிறது.

முடி சுருளுமா, நேராக வளருமா என்பது தோலுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. வேர்ப்பை வளைந்திருந்தால் முடியும் வளைந்து வரும். மண்டைத் தோலில் ஊறும் எண்ணெய் நேர் முடியில் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அவ்வளவு எளிதாக இறங்காது. அதனால் ஒரே தலையில் உச்சியில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு வளைவும் முடி பலவீனமாக இருக்கும் இடம். காய்ந்த தலையில் நெருக்கமான பல் வைத்த சீப்பை உச்சியிலிருந்து இழுத்தால் முடி அறுவது அங்கேதான். தரையில் கிடப்பதைப் பார்த்து முடி கொட்டுகிறது என்று பயப்படுகிறோம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நம் சீப்பு ஒடித்த முடி.

ஊரும் ஒத்துழைப்பதில்லை. கடல் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காற்றில் ஆண்டு முழுக்க ஈரம். வறண்ட முடி அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பும். காலையில் படிந்திருந்த தலை மத்தியானத்துக்குள் பறக்கத் தொடங்கும். தண்ணீர் இன்னொரு தொல்லை. பல அடுக்ககங்களில் சமையலறைக்கு மெட்ரோ தண்ணீர், குளியலறைக்கு போர் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடியில் படலமாகப் படியும். கடைசியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு சொம்பு மெட்ரோ தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மழைத்தண்ணீரில் உப்பு இல்லை.

நம் பாட்டிமார் செய்ததில் இந்த முடிக்கு வேண்டியவை பெரும்பாலும் இருந்தன. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது வாரம் ஒருமுறை தலைக்கு நேரம் ஒதுக்கிய ஏற்பாடு. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தடவியதற்கும் காரணம் உண்டு. மேரிகோ நிறுவன ஆய்வாளர்களான ரெலே, மொஹிலே இருவரும் 2003-ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. மேரிகோ தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனம் என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் காரணம் ஏற்கத்தக்கது: தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழைந்துவிடும்.

அதைவிட முக்கியமானது வழவழப்பு. செம்பருத்தி இலைகளை ஒரு கைப்பிடி பறித்துத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால், சற்று நேரத்தில் தண்ணீர் பச்சையாகக் கொழகொழவென்று திரளும். அதை வடிகட்டி ஈரத்தலையில் ஊற்றி, நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறியபடி விரலால் சிக்கெடுத்தால், காலையில் அழவைத்த அதே முடிச்சு வழுக்கிக்கொண்டு பிரியும். விரல் போய் வந்த பிறகுதான் பெரிய பல் சீப்பு. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்தாலும், சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்தாலும் கிடைப்பது இதே வழவழப்புத்தான். இன்று சுருட்டை முடிக்கென்று விற்கும் ஜெல்கள் பலவும் இதைத்தான் செய்கின்றன. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் 1885-லிருந்து இருக்கும் டப்பா செட்டி கடையில் இந்தச் சரக்கெல்லாம் இன்றும் கிடைக்கும்.

பழையது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். கொரகொரப்பான சீயக்காய்த் தூள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டால் போகாது; சலித்து, கரைத்து, வடிகட்டியே ஊற்ற வேண்டும். பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு.

வாரம் ஒருமுறை தலைகுளிக்கும் கணக்கு மாறிய கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தொடங்கிய சிக் இந்தியாதான் இன்றைய கெவின்கேர். அதன் அலுவலகம் ஆழ்வார்பேட்டையை ஒட்டிய செனடாப் சாலையில் இருக்கிறது. பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது நல்ல காரியம். ஆனால் பாக்கெட் கைக்கு எளிதானதும் தினமும் தலைக்கு ஊற்றுவது சுத்தத்தின் அடையாளமாகிவிட்டது. நேர் முடி அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நுனிக்கு எண்ணெய் இறங்காத சுருள் முடியில், தினமும் நுரைக்கிற ஷாம்பூ இருக்கிற கொஞ்சத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு அது அடங்காத முடி என்று பெயர் வாங்கும்.

அடங்காத முடியை அடக்குவதற்கு சலூனில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று மூன்று பெயர் சொல்வார்கள். ரீபாண்டிங்கில் முடியின் உள்ளே புரதத்தை இணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து, சூட்டில் நேராக்கி, மறுபடி பூட்டுகிறார்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். ஆறு மாதத்தில் மேலே ஏழு சென்டிமீட்டர் சுருள், கீழே நேர் முடி என்று தலை இரண்டாகப் பிரிந்து நிற்கும். அப்போது 'டச்சப்' செய்யக் கூப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கில் மறுபடி செலவு.

செலவு போகட்டும். கெரட்டின் கலவைகள் பலவற்றில் இருந்த ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. 'ஃபார்மால்டிஹைட் இல்லாதது' என்று வந்த சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2024-ல் பதிவு செய்தது. பூசிய கிரீமில் அந்த அமிலம் 10 சதவீதம் இருந்தது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயனத்தை ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு மட்டுமே நிரூபித்துவிடவில்லை. ஆனால் நோயே இல்லாத ஒரு முடிக்கு இந்த அளவு ஆபத்தும் எதற்கு?

அதே தலைக்கு வேண்டியவை மிகக் குறைவு. ஞாயிறு எண்ணெய் தேய்த்து, குளிக்கும்போதே சிக்கெடுத்து, தடித்த துண்டால் பரபரவென்று துவட்டாமல் பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி, காயும்வரை கை வைக்காமல் விட வேண்டும். இரவில் தளர்வாக ஒரு பின்னல். காலையில் தண்ணீர் தெளித்து விரலால் கோதினால் போதும், சீப்பு வேண்டியதில்லை. வேன் வருவதற்குள் முடிந்துவிடும். 2015-ல் 'பிரேமம்' படம் மலையாளத்திலேயே சென்னையில் மாதக்கணக்கில் ஓடியபோது, அனுபமா பரமேஸ்வரனின் அவிழ்த்துவிட்ட சுருள் முடியை இந்த ஊர்ப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். திரையில் பிடித்தது வீட்டுக் குழந்தையின் தலையிலும் நமக்குப் பிடிக்க வேண்டும்.

வீடு மாறினாலும் பள்ளி மாறாவிட்டால் பயனில்லை. எண்ணெய் வழித்து, இழுத்து வாரி, இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி வர வேண்டும் என்று இன்னும் பல பள்ளிகளில் விதி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலியும்; நீண்டகாலம் தொடர்ந்தால் திரும்ப முளைக்காது. தென்னாப்பிரிக்காவில் 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள், 13 வயது சுலைக்கா பட்டேல் முன்நிற்க, தங்கள் இயல்பான முடியைத் தடுத்த விதியை எதிர்த்தார்கள். அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. நம் பிள்ளைகள் போராட வேண்டிய நிலை வர வேண்டாம். பள்ளி திறக்கும் முன், ரிப்பன், பின்னல் விதிகளை எடுத்துவிட்டு, முடி கண்ணை மறைக்காமல் கட்டியிருக்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தலைமை ஆசிரியர்கள் எழுதிவைக்க வேண்டும். தலையைத் தளர்வாகக் கட்டி வருகிற குழந்தையை வகுப்பு வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.