இறக்கும் நேரம்

எடை தூக்குகிறவர்களுக்கு வரும் சதை வலிக்கு ஒரு நிதானம் உண்டு. தூக்கிய அன்று மாலை அது வருவதில்லை. 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம் கழித்து மெல்லத் தலைகாட்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முழுதாக வந்து உட்காரும். அசையாமல் இருந்தால் இல்லை. எழுந்தால் உண்டு, கை வைத்து அழுத்தினால் உண்டு. ஒரு வாரத்துக்குள் சொல்லாமல் போய்விடும்.

பல வருடங்களாகத் தூக்குகிறேன். இந்த வலியை இப்போது விரட்டுவதுமில்லை, தேடுவதுமில்லை. கவனிக்கிறேன்.

*

"லாக்டிக் ஆசிட் தங்கிருச்சு தம்பி, ரெண்டு நாள்ல சரியாயிரும்." ஜிம் மாஸ்டர்கள் அன்போடு சொல்லும் ஆறுதல் இது. ஆனால் அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே வடிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களைச் சமதளத்திலும், சரிவில் கீழ்நோக்கியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது அமிலம் ஏறியது, பின்னால் வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியபோது அமிலம் ஏறவில்லை, வலி வந்தது.

*

வலி இறக்கத்தில் இருக்கிறது. ஸ்குவாட்டில் கீழே அமரும்போது, டம்பெல்லைத் தோளிலிருந்து தொடைப் பக்கம் கொண்டுவரும்போது, சதை இழுபட்டு நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது. அந்த நேரத்தில் உடம்பு ஏற்றத்தைவிடக் குறைவான நார்களையே வேலைக்கு அழைக்கிறது. பாரமோ அதே பாரம். ஒவ்வொரு நாரின் மேலும் விழும் இழுவை கூடிவிடுகிறது. கால்களுக்கான பயிற்சி நாளுக்குப் பிறகு மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதே அதிகம் நோவதும் இதனால்தான்: தொடையின் முன்சதை அங்கேயும் நீண்டபடியே தாங்கவேண்டியிருக்கிறது.

ஏற்றுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். இறக்குவதைக் கேட்பாரில்லை; பலரும் கம்பியை அப்படியே விழவிடுகிறார்கள். எனக்கு நிதானமாக இறக்கும் அந்த மூன்று விநாடிகள் மீது பெரிய பிரியம். மூச்சு தானாகவே நீள்கிறது. வேறெதுவும் மனதில் நிற்பதில்லை.

*

தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902இல் இந்தச் சதை வலியைப் பற்றி எழுதினார். விரலை மீண்டும் மீண்டும் இழுக்கவைத்துப் பதிவு செய்யும் ஒரு கருவிதான் அவரிடம் இருந்தது. வேலையின்போதே வரும் அசதி வேறு, மறுநாள் வரும் நோவு வேறு என்று பிரித்தார். பின்னதற்குச் சதைக்குள் நேரும் நுண்ணிய கிழிசல் காரணமாயிருக்கலாம் என்றார். எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறப்பதற்கு வெகு முன்னால், ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு! 1980களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாருக்குள் நேர்க்கோடாக இருக்கவேண்டிய பட்டைகள் குலைந்திருந்தன.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. சேதத்தின் அளவும் வலியின் அளவும் ஒத்துப்போவதில்லை. நாரைவிட அதைச் சுற்றியிருக்கும் உறைதான் அதிகம் நோகிறது என்று சில ஆய்வுகள் காட்டின. நரம்பு வளர்ச்சிக்கான ஒரு புரதம் சதையில் கூடி, நரம்பு நுனிகளைக் கூசச்செய்கிறது என்று ஜப்பானில் கண்டார்கள். சாதாரண அசைவே நோவாக மாறுவது அப்படித்தான்.

*

விடாமல் தூக்குகிறவர்களின் கவலை இன்னொன்று. வலி வருவது நின்றுவிடுகிறது. ஒரே பயிற்சியை ஒருமுறை செய்தாலே அடுத்த முறைக்கு உடம்பு தயாராகிவிடும்; அந்தக் காப்பு பல வாரங்கள் நிற்கும், மாதங்கள்கூட நிற்பதுண்டு. வலிக்காத காலையில் எழுந்து, நேற்று ஒழுங்காக உழைக்கவில்லையோ என்று மனம் குறுகும். பிறகு வலிக்காகவே பயிற்சியை மாற்றுவது, செட்டுகளைக் கூட்டுவது.

2016இல் பிரேசிலில் நடந்த 10 வார ஆய்வு எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. முதல் பயிற்சிக்குப் பின் உடம்பு நிறையப் புரதம் கட்டியது, ஆனால் அது பெரும்பாலும் பழுது பார்க்கவே போயிற்று. சேதம் தணிந்த மூன்றாம் வாரத்திலிருந்துதான் கட்டிய புரதமும் சதை வளர்ச்சியும் ஒத்துவந்தன. சேதம் ஓய்ந்த நாட்களில்தான் வளர்கிறோம். புதிய பயிற்சி, நீண்ட இடைவெளி, வழக்கத்தைவிட ஆழமான இறக்கம்: பழகிய உடம்பிலும் வலி திரும்புவது இவற்றால்தான். பழக்கமில்லாததைச் செய்தாய் என்கிறது. நன்றாகச் செய்தாய் என்று அது சொல்வதில்லை.

*

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பை நீட்டி வளைப்பது 100க்கு ஓரிரு புள்ளிதான் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் நோவு தணியலாம். ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அப்படிச் செய்தவர்களுக்கு 12 வாரத்தில் பலமும் சதையும் குறைவாகவே கூடியதாக 2015இல் ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். நீவிவிடுவது கொஞ்சம் உதவும். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துத் தொடையை மெதுவாக நீவும்போது, எந்த இடம் எவ்வளவு என்று கைக்குத் தெரிகிறது. நடந்தால் இளகுகிறது, நின்றால் திரும்புகிறது.

*

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே எல்லாவற்றையும் தூக்கிவிடத் துடிப்பார்கள். வெறும் கம்பி, ஒரு செட், நிதானமாக இறக்கு என்கிறேன். குறைந்த எடையை அப்படி இறக்கினாலே அடுத்த முறைக்குக் காப்பு கிடைத்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன்: மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்து, சதை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் பொறுத்துப் பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சதை உடைந்து கலக்கும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானாண்ணே இன்னைக்கு?" என்பார்கள். அவ்வளவுதான், அடுத்த வாரம் இன்னொரு செட் சேர்ப்போம் என்று அனுப்பிவிடுகிறேன்.