பத்து மணி நேர அண்டை வீட்டார்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சங்கைக்குரிய ஜமாஅத்தார்களே! பேரப்பிள்ளையின் முகம் பார்க்க, படிக்க, பிழைக்க என்று நம் மஹல்லாவிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் இன்று அதிகம். சென்னையிலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் பறந்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம்மில் பெரும்பாலோர் போவது எகானமி வகுப்பில்தான். ஒரு சீட்டின் அகலம் 17, 18 அங்குலம். வரிசைக்கு வரிசை 31 அங்குலம் அளவு. அந்த இடத்தில் முழங்கை பட்டாலே முகம் மாறிவிடுகிறது.

பயணம் என்பது தூக்கத்தையும் உணவையும் கெடுக்கும் ஒரு வேதனை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. எனவே கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று வருந்துவது குற்றமல்ல. நம் வேதனையைப் பக்கத்து சீட்டுக்காரர் மீது இறக்கி வைப்பதுதான் குற்றம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 36வது வசனத்தைப் பாருங்கள். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்கு உபகாரம் செய்யச் சொல்லும் அல்லாஹ், அதே வரிசையில் நம் அருகில் இருக்கும் தோழரையும் சேர்க்கிறான். அவர் பயணத்தில் நம்மோடு இருப்பவர் என்று விரிவுரையாளர்களில் பலர் விளக்கம் தந்திருக்கிறார்கள். அவர் முஸ்லிமா, நம் மொழி பேசுபவரா என்ற நிபந்தனை அங்கே இல்லை. பெருமையடிப்பவனை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று அந்த வசனம் முடிகிறது. இடம் பிடிக்கும் சண்டை பிறப்பதும் அந்தப் பெருமையிலிருந்துதானே!

ஆகவே சகோதரர்களே, சீட்டைச் சாய்க்கும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் மடியில் குழந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நடு சீட்டில் இருப்பவருக்குக் கை வைக்க இடம் விடுங்கள். முதல் முறை ஏறிய ஒரு வயதான தாய்க்கு பெல்ட் போடத் தெரியாமல் இருக்கலாம்; கேட்கக் கூச்சப்படுவார், நீங்களே உதவுங்கள். உங்கள் அருகில் வாய் திறக்காமல் இருப்பவர், தகப்பனின் ஜனாஸாவுக்குப் போகிறவராகக்கூட இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

திரைக்கு முன்னால் காலை நீட்டிப் படுத்திருப்பவர்களைப் பார்த்து மனம் புழுங்கவும் வேண்டாம். உலக விஷயத்தில் நமக்குக் கீழே இருப்பவரைப் பார்க்கச் சொன்னார்கள் நம் நபி. டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியவர்களும், விசா கிடைக்காமல் வீடியோவில் மட்டும் பேரனைப் பார்ப்பவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தொழுகையை விட்டுவிடாதீர்கள். லண்டனிலிருந்து இரவில் கிளம்பி கிழக்கே வரும்போது இரவு சுருங்கும். ஃபஜ்ர் நாம் நினைப்பதைவிட சீக்கிரம் வந்துவிடும். ஏறும் முன்பே நேரத்தைக் கணக்கிட்டு வையுங்கள். உளூவோடு தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணி மூன்று இரவு பகல் அதன் மீது மஸ்ஹு செய்யலாம்; சின்னஞ்சிறு பேசினில் காலைத் தூக்க வேண்டியதில்லை. கழிவறைத் தரையில் தண்ணீர் சிந்தினால் துடைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் வழுக்கி விழுந்தால் அதுவும் நம் கணக்கில்தான். பணிப்பெண்ணிடம் பணிவாகக் கேட்டு, வழியை மறிக்காத இடத்தில் நின்று தொழுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் இருக்கையிலேயே தொழுங்கள். பின்னர் மீட்டித் தொழ வேண்டுமா என்பதை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று என்று ஹதீஸில் வருகிறது. அந்தப் பத்து மணி நேரமும் நம் கையில் இருக்கும் செல்வம். அதை முணுமுணுப்பில் கரைக்காமல் பெற்றோருக்காகவும், பிள்ளைகளுக்காகவும், அருகில் அமர்ந்திருக்கும் அந்த முகம் தெரியாதவருக்காகவும் கையேந்துங்கள்.

இறங்கும்போது நம் பக்கத்தில் இருந்தவர் மனதில் ஒரு நல்ல முஸ்லிமின் நினைவு மிஞ்சட்டும். அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, இறுதிப் பயணத்தையும் ஈமானோடு ஆக்கியருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.