ஒன்றை மட்டும் நகர்த்துதல்

18 கிராம் தூள், 36 கிராம் காப்பி, 25 முதல் 30 நொடி. வீட்டில் எஸ்பிரெசோ போடுகிறவர்களில் பலர் இன்று இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இத்தாலிக்காரர்கள் ஒற்றைக் கோப்பைக்கு வைத்திருக்கும் கணக்கு இன்னும் சிறியது: 7 கிராம் தூள், 25 மில்லி காப்பி, 25 நொடி. இரண்டுமே சுவைக்கு உத்தரவாதம் இல்லை. தடுமாறும்போது திரும்பி வந்து நிற்க ஓர் இடம், அவ்வளவுதான்.

தூளின் எடை, தண்ணீரின் சூடு, கோப்பையில் இறங்கும் எடை, அரைவை. மூன்றைக் கட்டிப்போட்டுவிட்டு நான்காவதை மட்டும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். சொல்ல எளிது, மனம்தான் இடம் கொடுப்பதில்லை. காப்பி புளித்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றக் கை பரபரக்கும். கிரைண்டரை இறுக்கு, தூளைக் கூட்டு, இன்னும் ஓங்கி அழுத்து. அப்படிச் செய்து அடுத்த கோப்பை நன்றாக வந்தாலும், எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. மறுநாள் அதைத் திரும்ப வரவழைக்கவும் முடியாது.

மாற்றாமல் விட்டுவைப்பதற்குத்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது.

*

நகர்த்துவது பெரும்பாலும் அரைவையைத்தான். 15 நொடியில் மடமடவென்று இறங்கி நாக்கின் ஓரம் கூசினால் தூள் கொரகொரப்பு. 45 நொடி ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்து, குடித்த பிறகு வாய் வறண்டு கசந்தால் தூள் மிக நைசு. நடுவில் உள்ள தூரம் கிரைண்டர் திருகில் ஓரிரு கோடுகள்தான்.

மிக்ஸி இதற்கு ஆகாது. அதன் கத்தி கண்டபடி வெட்டும். மாவும் இருக்கும், அரைக்கொட்டையும் கிடக்கும். இரண்டு பல்வட்டுகளுக்கு நடுவே கொட்டை நசுங்கி, வேண்டிய இடைவெளியில் வெளியேறும் ‘பர்’ கிரைண்டர் வேண்டும். மெஷினுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைக் கிரைண்டருக்கு மாற்றிவிடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். கையால் சுற்றுகிற நல்ல கிரைண்டர் போதும். தோள் கொஞ்சம் வலிக்கும். காலையில் அது நல்லதுதான்.

அரைப்பதற்கு முன் கொட்டையின் மேல் ஒரு துளி தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூள் நாலாபக்கமும் பறந்து ஒட்டாது. காப்பி போடுகிறவர்கள் பழக்கத்தில் கண்டுபிடித்தது இது. கொட்டை உடையும்போதும் உரசும்போதும் தூளில் மின்னேற்றம் சேர்கிறது, ஈரம் அதைத் தணிக்கிறது என்று 2023-இல் ஒரேகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் அவருடன் சேர்ந்தவர்களும் அளந்து காட்டினார்கள். கூட இருந்தவர்களில் எரிமலைச் சாம்பலில் மின்னேற்றம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்கிறவர்களும் உண்டு. எரிமலையிலிருந்து இறங்கி ஒருவர் காப்பிக் கொட்டைக்கு வந்து சேர்ந்தார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

*

மெஷின் தூளின் மேல் தண்ணீரைத் தள்ளுவது 9 பார் அழுத்தத்தில். அது 90 மீட்டர் ஆழத் தண்ணீர் தருகிற அழுத்தம். 58 மில்லிமீட்டர் அகல வட்டத்தின் மேல் அது விழும்போது ஏறக்குறைய 240 கிலோ பாரம் ஆகிறது. தூளை அமுக்கும் டேம்ப்பரைப் பிடித்து நாம் அழுத்துவது 15 கிலோ தேறும். ஆகவே பலத்தைக் காட்டிப் பயனில்லை. மட்டமாக அழுத்தினால் போதும்.

தண்ணீருக்கு எளிய வழி தெரியும். தூள் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அங்கே இறங்கும். கட்டி இருந்தால் அதன் ஓரமாகச் சந்து பிடித்து ஓடும். சந்தில் இருக்கிற தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும், மற்ற இடத்துத் தூள் பாதிகூடக் கரையாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் இரண்டும் வந்தால் திருகைத் தொடக்கூடாது. தூளைப் பரப்பியதைத்தான் பார்க்க வேண்டும். மெல்லிய ஊசிகளால் அடிவரை கிளறிக் கட்டிகளை உடைப்பது 2005 வாக்கில் ஜான் வைஸ் என்பவர் சொல்லிக்கொடுத்த வழி. தக்கையில் நாலைந்து ஊசியைக் குத்தினால் கருவி தயார். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அழுத்தத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1884-இல் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவியால் காப்பி இறக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் எந்திரத்துக்கு வாங்கினார். வெறும் நீராவியின் பலம் ஒன்றிரண்டு பாரைத் தாண்டவில்லை. 1938-லிருந்தே வேறு வழி தேடிக்கொண்டிருந்த அக்கில்லே காஜ்ஜா, 1947-இல் நெம்புகோலையும் சுருள்வில்லையும் கொண்டுவந்த பிறகுதான் காப்பியின் மேல் அந்தப் பொன்பழுப்பு நுரை, க்ரீமா, படிந்தது. 1961-இல் வந்த ஃபாயேமா நிறுவனத்தின் ஈ61 கையின் வேலையை மின்பம்புக்குக் கொடுத்துவிட்டது.

இன்று வீட்டு மெஷின் டப்பாக்களில் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது பம்பு எட்டக்கூடிய உச்சம். காப்பிக்கு வேண்டியது இன்னமும் அந்த 9-ஐ ஒட்டியதுதான். அதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் குற்றமில்லை.

*

பொத்தானை அழுத்தியதும் சில நொடிகளுக்கு ஒன்றும் வராது. பம்பின் சத்தம் மட்டும். தூள் நனைந்து உப்பிக்கொண்டிருக்கும். பிறகு அந்தச் சத்தம் கனத்து இறங்கும். அடியில் கருஞ்சொட்டு, அது நீண்டு பழுப்பு இழை, கடைசியில் வெளிறிய மஞ்சள். மஞ்சள் கண்டதும் நிறுத்தத் தோன்றும். தராசைத்தான் நம்ப வேண்டும்.

இந்த அரை நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்போது மேலே தட்டலாம், இன்னொரு கரண்டி வெந்நீர் ஊற்றலாம், மறந்துவிட்டுக் குளிக்கவும் போகலாம். எஸ்பிரெசோவில் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. எடை போட்டதும் கிளறியதும் அழுத்தியதும் இப்போது தம் பலனைக் காட்டுகின்றன. நின்று பார்க்கலாம். போனில் கை போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

*

வறுத்த அன்றே கொட்டையை அரைத்தால் நுரை பொங்கிக்கொண்டு வரும். சுவை வெறுமையாக இருக்கும். வறுபட்ட கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைந்திருக்கிறது. அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைந்து, கோப்பைக்கு வந்ததும் நுண்குமிழ்களாக விடுபடுவதுதான் க்ரீமா. ஒரு வாரம் ஆறவிட்டால் வாயு அடங்கும். மாதங்கள் தாண்டினால் க்ரீமாவும் இருக்காது, மணமும் இருக்காது. பை காலியாகிக்கொண்டே வரும்போது அதே அரைவை மெல்ல மெல்ல வேகமாக இறங்கும், திருகை ஒரு கோடு இறுக்க வேண்டிவரும். கொட்டைக்கு வயதாகிறது என்பது எனக்கு நாள்காட்டியைவிட அந்தக் கோட்டில்தான் தெரிகிறது.

க்ரீமாவைத் தனியாக ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பாருங்கள். கசக்கும். படத்துக்கு அழகு, குடிப்பதற்கு முன் கலக்கிவிடுவதே நல்லது.

ரொபஸ்டாவில் க்ரீமா தடிமனாக வரும். இந்தியக் காப்பியை நெடுங்காலமாக நிறைய வாங்கும் நாடுகளில் இத்தாலி ஒன்று. நம் ரொபஸ்டா அங்கே கலவைகளுக்குள் போய்ச் சேருகிறது. இங்கே நாம் அதை மட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஏற்காட்டு அராபிகாவுடன் கால் பங்கு நல்ல ரொபஸ்டா சேர்ந்திருப்பது பிடிக்கும், பாலில் முழுகாமல் தலைதூக்கி நிற்கும். சிக்கரித் தூளை மட்டும் இதில் போட வேண்டாம். ஊறிக் கூழாகி வழியை அடைத்துவிடும்.

தண்ணீர் பற்றி இரண்டு வரி. போர் உப்புத் தண்ணி மெஷினுக்குள் சுண்ணாம்பாகப் படியும்; ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் கழுவப்பட்டுக் காப்பி சப்பென்று இருக்கும். கோயம்புத்தூரில் சிறுவாணி வருகிற தெருவில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை.

*

பால்.

குளிர்ந்த பால் வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு. முதல் முறை நான் பாக்கெட்டை வெட்டி நேராக ஜக்கில் ஊற்றியதைப் பார்த்த அம்மா, “காச்சாத பாலையா கண்ணு ஊத்துற?” என்றார். பாக்கெட் பால் பாஸ்டரைஸ் ஆகித்தான் வருகிறது, ஏற்கனவே 72 டிகிரி பார்த்தது என்று சொன்னேன். “அது அவங்க காச்சினது” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் ஆவிக் குழலைத் திறந்து, உள்ளே தங்கியிருக்கும் தண்ணீரைத் துப்பவிட வேண்டும். பிறகு நுனியைப் பாலின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே வைத்துத் திறந்தால் புதுத் துணி கிழிவது போல ஒரு சத்தம். அது காற்று உள்ளே போகும் சத்தம். நான்கைந்து நொடி போதும். ஜக் உள்ளங்கைக்கு உடம்புச் சூட்டை எட்டும்போது நுனியை ஒரு விரற்கடை இறக்க வேண்டும். சத்தம் அடங்கும். அதன் பிறகு காற்று கூடாது. பால் ஒரு பக்கமாகச் சுழல வேண்டும், அவ்வளவே. சுழற்சியில் பெருங்குமிழிகள் உடைந்து உடைந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். பாலின் புரதங்கள் ஒவ்வொரு குமிழியையும் சுற்றித் தோல் கட்டி அதை நிற்கவைக்கின்றன.

காற்று சேர்த்துக்கொண்டே இருப்பதுதான் கைக்குப் பிடித்த வேலை. சத்தம் வருவதால் ஏதோ நடப்பதாகத் தோன்றும். நான்கைந்து நொடிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நிறுத்தப் பழகினால் பாதி கற்றாயிற்று.

உள்ளங்கையால் ஜக்கைத் தொட முடியாமல் போகும்போது 60 டிகிரியை நெருங்கியிருக்கும். மூட வேண்டும். 5 டிகிரியில் இருந்த 150 மில்லி பால் 60-க்கு ஏறுவதற்குள் 13 கிராம் அளவுக்கு ஆவி தண்ணீராகி அதில் கலந்திருக்கும். நீலப் பாக்கெட்டின் 3 சதவீதக் கொழுப்பில் நுரை சுலபமாக எழும், வாயில் மெலிவாக இருக்கும். ஆரஞ்சுப் பாக்கெட்டின் 6 சதவீதம் கனம். பச்சையில் 4.5, நான் அதோடு நின்றுவிட்டேன்.

சூடான பால் இனிப்பாக இருப்பதைப் பார்த்துச் சர்க்கரை பிறந்துவிட்டது என்பார்கள். பிறப்பதில்லை. பாலில் இருந்த லாக்டோஸ் அதே லாக்டோஸ்தான். வெதுவெதுப்பில் நாக்கு அதைக் கூடுதலாகக் கண்டுகொள்கிறது.

*

70 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது எஸ்பிரெசோக்காரர்களின் சட்டம். தாண்டினால் மோர்ப்புரதங்கள் குலைந்து கந்தக வாடை விடும், பால் ‘வெந்துபோன’ மணம் அடிக்கும் என்பார்கள். அந்த வெந்த மணம்தான் நமக்குப் பால் மணம். கொதித்துப் பொங்கி, ஆடை படிந்து, அடுப்படியிலிருந்து கூடம்வரை வருகிற மணம். அவர்கள் குறை என்று ஒதுக்கும் இடத்தில் நம்முடைய காப்பி தொடங்குகிறது.

நுரை விஷயத்திலும் அப்படியே. டபராவுக்கும் டம்ளருக்குமாகத் தூக்கி ஆத்தும்போதும் காற்றுதான் சேர்கிறது. ஆனால் அங்கே முதலில் கொதி, பிறகு காற்று. ஆத்துவது சூட்டைத் தணிக்கவும்தான். ஆவிக் குழலில் முதலில் காற்று, பிறகு சூடு. ஆத்திய நுரை பெருங்குமிழிகளாக மேலே மிதந்து, மீசையில் ஒட்டி, உடைந்துபோகும். மற்றது காப்பியோடு கலந்து கடைசி மடக்குவரை இருக்கும். எது உசத்தி என்று கேட்டால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்பேன்.

60 டிகிரியில் கொடுத்த கோப்பையை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் குடு” என்றார். நுரையில் வரைந்திருந்த இலை அவர் கண்ணில் படவில்லை. அந்த இலை வரைகிற வித்தைக்கு நான் தருகிற மதிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான், பால் சரியாக நுரைத்திருக்கிறதா என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேலை இல்லை. இப்போதெல்லாம் அவருடைய பாலை 75 வரை ஏற்றிவிடுகிறேன். நுரை பெரிதாகி முரடாகும், இலை வராது. அரைக் கரண்டி சர்க்கரை. டம்ளரில்தான்.

*

குழலை உடனே ஈரத்துணியால் துடைத்து, மறுபடி ஒரு முறை ஆவியைத் திறந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தள்ளிப்போட்டால் பால் அதில் பொருக்குத் தட்டிவிடும், சுரண்ட வேண்டியிருக்கும்.

நாளைக்குப் புதுப் பை. கொடைக்கானல் கீழ்மலைக் கொட்டை, இதுவரை போட்டதைவிட இளவறுவல். இளவறுவல் கெட்டியாக இருக்கும், எளிதில் கரையாது. அரைவையை நைசாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. எடையும் சூடும் பழையபடியே இருக்கட்டும். முதல் கோப்பை புளிக்கலாம்.