கைப்பக்குவம்

வாசிப்பு, வயர் கூடை பின்னல், பண்டிகைப் பலகாரம் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் பல வீடுகளில் பாட்டிமாரின் பொழுதை நிறைப்பவை. அடுப்படி ஓய்ந்த பிற்பகலில் வார இதழ் விரியும். மாலையில் திண்ணையில் வயர்க்கட்டு அவிழும். தீபாவளி நெருங்கினால் பச்சரிசி ஊறும். இவற்றைப் பொழுதுபோக்கு என்பது வழக்கம். ஆனால் மூன்றிலுமே போகிற பொழுதைவிட விளைகிற பக்குவம் பெரிது.

முந்தைய தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. அதன்பின் அவர்களின் வாசிப்பை வளர்த்தவை தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்தது. அடுத்த இதழ் வரும்வரை கதை மனத்தில் ஊறும், கிணற்றடியில் பேச்சாகும். பின்பு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வார்கள். அது உறவினர் வீடுகளைச் சுற்றி வரும். அதற்கும் முன்பே, வை.மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். பின்னால் லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன் முதலியோர் பெண்களின் வாழ்வையே கதையாக்கினர். வாசல் தாண்டாத பெண்ணுக்கும் பிறர் மனத்துக்குள் நுழைந்து பார்க்கும் பழக்கம் இதனால் வந்தது. பேரப்பிள்ளைகளின் சண்டையில் இரு பக்க நியாயத்தையும் கேட்கும் பொறுமைக்கு இதிலும் ஒரு வேர் உண்டு.

வயர் கூடைக்கு முதலில் கணக்கு வேண்டும். வயரை அளந்து வெட்டி, முடிச்சு முடிச்சாக அடிப்பாகத்தைப் போட்டு, பிறகு சுற்றிச் சுற்றி மேலேற்ற வேண்டும். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என வகைகள் பல. ஒரு முடிச்சு பிசகினால் அடுத்த வரிசையில் கோணல் தெரியும். அதுவரை பிரித்துத்தான் மீண்டும் போட வேண்டும். பிரிப்பதற்குச் சலித்துக்கொள்ளாத மனம் அங்கே பழகுகிறது. முடிந்த கூடை காய்கறிக்கும் கோயிலுக்குமாகப் பல ஆண்டுகள் உழைக்கும். அது பின்னியவரிடமே தங்குவதும் அரிது. மகளுக்கோ மருமகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடும்.

பலகாரத்தில் கைக்குச் சோதனை வைப்பது அதிரசம். ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் மாவாக்கி, வெல்லப்பாகில் கிளறி, ஏலமும் சுக்கும் சேர்த்து, ஓரிரு நாள் வைத்திருக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் மெத்தென்று திரள வேண்டும். பதம் வருமுன் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இத்தகைய அளவுகளை அச்சில் ஏற்றி, புதுக்குடித்தனம் தொடங்கிய பெண்களுக்குத் துணை நின்றது. விரல் நுனி அறியும் பதத்தை மட்டும் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். அதற்கு அதிரசம் சுடும் நாளில் வீட்டில் வாய்ப்பு உண்டு: ஒருவர் வாழையிலையில் தட்டுவார், ஒருவர் எண்ணெயில் போடுவார், ஒருவர் இரு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெய் வடிப்பார். முதல் அதிரசம் சரியா என்று சொல்லும் உரிமை பாட்டிக்கே.

தமிழில் பக்குவம் என்ற ஒரே சொல் சமையலின் பதத்தையும் மனிதரின் முதிர்ச்சியையும் குறிக்கிறது. அடுத்த வாரத்துக்குக் காத்திருந்ததும், பிசகிய முடிச்சைப் பிரித்ததும், பாகு திரளும்வரை அடுப்பருகே நின்றதும் சேர்ந்துதான் அந்த முதிர்ச்சி. முதுமையில் உடல் தளர்ந்தாலும், தன் கையால் பிறருக்குக் கொடுக்க ஒன்று இருப்பவர் வீட்டில் வேண்டியவராகவே இருக்கிறார். ஆனால் அந்தப் பக்குவம் கேட்பாரில்லாமல் கையோடு போய்விடக்கூடியது. வருகிற தீபாவளிக்குப் பாட்டி பாகு காய்ச்சும்போது பேரன் பேத்திகள் அருகில் உட்கார்ந்து, அந்த ஒரு சொட்டைத் தங்கள் விரலால் திரட்டிப் பார்க்க வேண்டும்.