ஒரே படத்தில் பறவையும் மனிதனும்

துன்பத்தில் இருப்பவனைப் படம் பிடிப்பது தகுமா? முன்னாளில் இது பத்திரிகைக்காரர் யோசிக்க வேண்டிய கேள்வி. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருப்பதால் இது நம் எல்லாரையும் சேர்ந்த கேள்வியாகிவிட்டது.

2023 டிசம்பரை நம் பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாய்க் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவிற்று. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் கறுத்துப்போயின. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பி நின்றன. மீனவர்கள் தாங்களே ஆற்றில் இறங்கி, வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். இவையெல்லாம் படங்களாய் நாடெங்கும் போயின.

அப்படங்களைப் பார்த்தவர்கள் முதலில் எதற்கு இரங்கினார்கள்? அநேகர் பறவைக்கே இரங்கினார்கள். அது தவறன்று. எண்ணெய் ஒட்டிய இறகு குளிரைத் தடுக்காது. பறவை அலகால் கோதக் கோத எண்ணெய் அதன் வயிற்றுக்குள்ளும் போகும். ஆனால் அதே எண்ணெய் மனிதனுடைய தோலிலும் ஒட்டிற்று. அதன் நெடி அவன் நெஞ்சிலும் ஏறிற்று. ஏழை படும் பாடு நம் கண்ணுக்குப் பழகிவிட்டது, பறவை படும் பாடு புதிது. வேறுபாடு இவ்வளவே அல்லவா?

ஆகையால் இருவரையும் ஒரே படத்தில் காட்டுவதே நியாயம் என்பேன். "மனிதனைப் பறவையோடு சேர்ப்பது அவனைத் தாழ்த்துவதாகாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது. கூழைக்கடா தேடும் மீனைத்தான் மீனவனும் தேடுகிறான். சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கும் அந்தத் தண்ணீரே சோறு போடுகிறது. பறவையை மட்டும் காட்டினால், அங்கே மனிதர் குடியில்லை என்று தோன்றும். மனிதனை மட்டும் காட்டினால், அது ஏதோ ஒரு குப்பத்தின் குறை என்று தோன்றும். இருவரும் சேர்ந்து நின்றால்தான் ஆறே நோயுற்றது என்பது விளங்கும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. "என்னைப் படம் எடுக்காதே" என்று பறவையால் சொல்ல முடியாது, மனிதனால் முடியும். அவனைக் கேளாமல் எடுக்கும்போதுதான் அவனைத் தாழ்த்துகிறோம்.

1993இல் பஞ்சம் வாட்டிய சூடானில், வறண்ட மண்ணில் சுருண்டு கிடந்த ஒரு குழந்தையையும் பின்னால் உட்கார்ந்திருந்த கழுகையும் கெவின் கார்ட்டர் என்பவர் ஒரே படத்தில் எடுத்தார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் படத்தைக் கண்டவர்கள் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை; "அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?" என்றே கேட்டார்கள். கழுகை விரட்டிவிட்டதாக அவர் சொன்னார். அது போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அவரை நியாயந்தீர்ப்பது நம் வேலையன்று. அந்தப் படம் பஞ்சத்தை உலகுக்கு அறிவித்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கேள்வி நமக்கும் உரியது.

எண்ணூர்ப் படங்களைப் பார்த்துவிட்டு நாம் என்ன கேட்டோம்? 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதோடு நம்மில் பலர் அந்த விஷயத்தை மறந்தோம். வலை மறுபடி நீரில் இறங்கிற்றா, பிடித்த மீனைச் சந்தையில் வாங்கினார்களா, பறவைகள் திரும்பினவா என்று விசாரித்தவர் எத்தனை பேர்? அந்த மக்கள் தூரதேசத்தார் அல்லர். நம் பக்கத்துத் தெருவார்.

ஆகவே, கைப்பேசியை உயர்த்துமுன் எதிரே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்தபின் அவருக்கும் காட்டுங்கள். அழகுக்காகப் பறவையையோ மனிதனையோ வெட்டிவிடாதீர்கள். பிறகு ஒரு நாள், படக்கருவியை வீட்டில் வைத்துவிட்டு, அந்தக் கரைக்கு மறுபடி போய் விசாரித்து வாருங்கள்.