தலாக்கிற்குப் பின் பிள்ளை யாரிடம்?

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தலாக்கினாலோ குலாவினாலோ முறிவது கணவன், மனைவி என்ற உறவு மட்டும்தான். தாய், தந்தை என்ற உறவு முறிவதில்லை. ஆனால் நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளில் நடப்பது என்ன? நகைக்கும் சீர் சாமான்களுக்கும் பட்டியல் போட்டு மணிக்கணக்கில் பேசுகிறோம். பிள்ளையைப் பற்றிய பேச்சு, எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில்தான் வருகிறது. அந்தப் பிள்ளையின் ஹக்கை மறுமையில் யாரிடம் கேட்பார்கள் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

அல் பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் அல்லாஹ் தஆலா இதற்கு அடிப்படையையே போட்டுக் கொடுத்திருக்கிறான். பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தொல்லை கொடுக்கக் கூடாது, தந்தைக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது. பால்குடியை நிறுத்துவதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனம் ஒத்துச் செய்ய வேண்டும். பால் மறக்கடிக்கவே மஷ்வரா வேண்டும் என்றால், பள்ளிக்கூடத்தை மாற்றுவதற்கும் ஊரை விட்டு அழைத்துப் போவதற்கும் வேண்டாமா?

பிள்ளை யாரிடம் வளர வேண்டும்? கணவர் தலாக் சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே அதிக உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். இது அபூதாவூதில் வருகிறது. இந்தப் பொறுப்புக்குத்தான் ஹளானத் என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில், விவரம் தெரியும் வயது வரை, அதாவது ஏறக்குறைய 7 வயது வரை தாயிடம். பிறகு பிள்ளை விரும்பும் பக்கம். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை 7 வயது வரையிலும், பெண் பிள்ளை பருவத்தை நெருங்கும் வரையிலும் தாயிடம்.

ஹிஜ்ரி 7இல், உம்ரத்துல் களா முடிந்து திரும்பும்போது ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை வளர்க்க அலீ, ஜஃபர், ஸைத் (ரலி அன்ஹும்) மூவரும் போட்டியிட்டார்கள். அண்ணலார் ஜஃபரிடம் ஒப்படைத்தார்கள். காரணம், அவருடைய மனைவி அந்தச் சிறுமிக்குத் தாயின் சகோதரி. பிள்ளைக்கு எங்கே தாயன்பு கிடைக்கும் என்றுதான் பார்த்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஓர் அன்சாரிப் பெண்ணைப் பிரிந்திருந்தார்கள். அவர் மூலம் பிறந்த மகன் ஆஸிம், குபாவில் விளையாடிக்கொண்டிருந்தார். உமர் (ரலி) அவரைத் தூக்கி வாகனத்தில் வைத்தார்கள். பிள்ளையின் பாட்டி வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள் என்றார்கள். உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை என்று முவத்தா சொல்கிறது. உமரையே வாயடைக்க வைத்த தீர்ப்புக்கு முன்னால் நம்முடைய ரோஷம் எம்மாத்திரம்?

தந்தைமார்களே! பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவு உங்கள் பொறுப்பு. பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் அனுப்ப மாட்டேன் என்பது சரியல்ல. நஃபகா பிள்ளையின் ஹக். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, 2 வயதோடு பொறுப்பு முடிந்தது என்று வாதிட்ட வழக்கில், முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது.

தாய்மார்களே! தந்தை வரும்போது பிள்ளையை ஒளித்து வைப்பதும், உன் அத்தா மோசமானவர் என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பதும் ஹராமான பாதை. வளர்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. உறவைத் துண்டிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சேர்த்து வாழ வேண்டிய இரத்த உறவை வெட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்பது நமக்குத் தெரியும்.

ஜமாஅத் பெரியவர்களே! பிரிவு எழுதும் அதே தாளில் பிள்ளையின் விஷயத்தையும் எழுதுங்கள். யாரிடம் இருக்கும், மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கிழமை தந்தையைப் பார்க்கும், பெருநாளன்று எங்கே, படிப்பும் மருத்துவமும் யார் செலவு. இத்தனையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடட்டும். ஒத்துவராவிட்டால் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி அங்கேயும் பிள்ளையின் நலனையே பார்ப்பார்கள். ஆனால் வழக்கு இழுக்க இழுக்க வளர்வது பிள்ளையின் வயதுதான்.

தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரை, மறுமையில் அவருடைய பிரியமானவர்களை விட்டு அல்லாஹ் பிரிப்பான் என்ற எச்சரிக்கை திர்மிதியில் வருகிறது. பயப்படுவோம் சகோதரர்களே!

யா அல்லாஹ்! பிரிந்துபோன பெற்றோரின் உள்ளங்களில் பகையை நீக்குவாயாக! அவர்களின் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.